எளிதில் காணலாம்

பழனி
12.6.2024

அன்புத் தம்பி குகனுக்கு அக்கா தேவசேனா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் பிரியாவும் சுகம். மலைக்குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது? மருந்து சாப்பிடுகிறாயா, இல்லை சுக்குக் காப்பியிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கேட்டால் வட்டக்கானலில் டவர் இல்லை என்பாய். உன் கெஸ்ட் ஹவுசில் தங்குகிற வெளியூர்ப் பிள்ளைகள் அங்கிருந்தேதான் வீடியோ போடுகிறார்கள் என்று பிரியா காட்டினாள். அவர்களுக்குக் கிடைக்கிற டவர் உனக்கு மட்டும் கிடைக்காதாக்கும். போகட்டும். கடிதம் என்றால் பாதியில் எழுந்து போக முடியாது.

ஐந்து வருஷமாக உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். கணக்கு என்ற பேச்சு வந்தாலே சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுகிறவனிடம் வேறு எப்படிச் சொல்வது? கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே நான் பிஎச்.டி. செய்கிறேன். தலைப்பு, முடிவுறு குலங்களும் அவற்றின் கேரக்டர் படிகளும். ஆமாம், நீ பாதியில் விட்டதேதான்.

அப்பா காரியம் முடிந்து நீ மலையேறிப் போன பிறகு, செருப்புக் கடையில் டோக்கன் பெட்டிக்கு அடியில் அவர் வைத்திருந்த உன் பச்சை நோட்டை எடுத்து வந்தேன். உயிரோடு இருந்தவரை சரஸ்வதி பூஜை தவிர அவர் அதை ஒருத்தரையும் தொடவிட்டதில்லை. தினமும் ஒரு பக்கம் என்று படித்தேன். மாமா கேட்டார், "அப்படி என்னதான்டி அதுல கெடக்கு?" நான் சொன்னேன், "ஒரு வீட்டுக்குள்ள போகாம, வாசல்ல கெடக்குற செருப்போட அளவ மட்டும் பாத்து, உள்ள யாரு யாரு இருக்காங்க, அவங்களத் தனித்தனியா பிரிக்க முடியுமா முடியாதான்னு சொல்றதுங்க. குலம்தான் வீடு. படிங்கிற நம்பருங்கதான் செருப்பு." இருபது வருஷமாக அடிவாரத்தில் டோக்கன் கொடுத்து, சாமி பார்க்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் செருப்பைப் பார்க்கிற மனுஷன், "செருப்பப் பாத்தா அவசரம் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

என் ஆய்வு முழுக்க உன்னுடைய துணைத்தேற்றம் ஏழின் மேல்தான் நிற்கிறது. ஒரு குலத்தின் படிகளில் ஒன்றுகூட மூன்றால் வகுபடாவிட்டால் அந்தக் குலத்தை அடுக்கடுக்காகக் கழற்றிவிடலாம். அதற்கு நீ எழுதியிருக்கும் நிரூபணம் இரண்டே சொல், 'எளிதில் காணலாம்'. எனக்கு எளிதில் தெரியவில்லைதான். உனக்குத் தெரிந்திருக்கிறது, அது போதும் என்று நான்கு அத்தியாயம் கட்டிவிட்டேன். என் கைடு கோட்டுருவியல்காரர், குலங்கள் பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. பார்த்துவிட்டு, "ஊரறிஞ்ச விஷயம் மாதிரிதாம்மா தெரியுது" என்றார்.

நவம்பர் 29 கடைசித் தேதி. மூன்று நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிப் பல்கலைக்கழகம் ஒரு நாள்கூடத் தராது. கல்லூரியிலும் அடுத்த வருஷத்திலிருந்து பிஎச்.டி. இல்லாதவர்களுக்கு வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் நான் வேறு எங்கே போய் நிற்பேன்?

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். முதல் பக்கத்தில் உன் பெயரைப் போட்டுக்கொள்ளவா? அப்பா சாகிறவரை "நாந்தான் அவன் படிப்பக் கெடுத்தேன், கையுங் காலும் விழுந்து அவனக் கூப்ட்டு ஒக்கார வச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படிப்பு கெடவில்லை என்று அவருக்குக் காட்ட வேண்டும். ஒரு வரி எழுது.

உன் அக்கா,
தேவசேனா

வட்டக்கானல்
21.7.2024

அக்காவுக்கும் மாமாவுக்கும் குகன் வணக்கம். பிரியாவை விசாரித்ததாகச் சொல்லவும். எனக்குச் சளி இருக்கிறது, ஆனால் நடமாட்டத்துக்குக் குறைவில்லை.

பதிலுக்கு நாளாகிவிட்டது. பதினைந்து நாளாக வெயிலைப் பார்க்கவில்லை, போர்வையெல்லாம் ஈரவாடை. மலைக்கு வருகிற வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆன பிறகு ஆள் வரத்தும் குறைவு. முதலாளி ராஜ்மோகன் அண்ணன் மூன்று அறையைப் பூட்டிவிட்டார். அடுப்படி, கணக்கு, சாவி எல்லாம் இப்போது என் சோலிதான்.

உன் கடிதத்தை நிறையத் தடவை படித்தேன். நோட்டைப் படித்தாய் என்றால் கடைசிப் பக்கத்தையும் பார்த்திருப்பாய். ஐந்து வருஷமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாய். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதையும் தாண்டி நீ ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய் என்றால் என்னைவிட நீ கெட்டிக்காரி. நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

என் பெயர் வேண்டாம், அக்கா. அது உன் உழைப்பு.

குகன்

பழனி
29.7.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் கடிதத்தை மாமாவிடம் காட்டினேன், "பரவால்லயே, அரைப்பக்கம் எழுதிருக்கானே" என்றார். நெஞ்சுச்சளிக்குத் தூதுவளைப் பொடி இதோடு அனுப்புகிறேன், தேனில் குழைத்துச் சாப்பிடு.

நான் எந்த வழியும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லையடா. நீ போட்ட பாதையில் நடந்தேன், அவ்வளவுதான்.

கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலா இருப்பேன்? அந்தப் பக்கம் அப்பாவுடையது. சரஸ்வதி பூஜை அன்று நீ எப்போதும் கூட்டத்தைச் சாக்கு வைத்துக் கடையிலேயே இருந்துவிடுவாய், அதனால் உனக்குத் தெரியாது. பிரியாவின் புத்தகங்களோடு உன் நோட்டையும் வைக்கச் சொல்வார். எல்லோரும் அட்டையில் பொட்டு வைப்பார்கள். அப்பா கடைசிப் பக்கத்தைத் திறந்து, வராத வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் சந்தனம் வைப்பார். கை நடுங்கி அது பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விடும். "நடுவுல வைங்கப்பா" என்றால், "எம் புள்ள நிறுத்துன எடம் இதுதான்த்தா" என்பார். வருஷா வருஷம் அதே இடத்தில் வைத்து வைத்து அடை மாதிரித் தடித்துவிட்டது. அவர் போன பிறகு நானும் அங்கேயேதான் வைக்கிறேன். நீ நிறுத்திய இடத்தை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை.

பெயர் விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்வோம். நான் போடத்தான் போகிறேன்.

அக்கா

வட்டக்கானல்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, குகன். தூதுவளைப் பொடி வந்தது, சாப்பிடுகிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிரியாவுக்குப் பரீட்சை நெருங்கியிருக்கும்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் இடது ஓரத்தில், சந்தனம் இருக்கிற இடத்தில், எழுத்து ஏதாவது தெரிகிறதா?

துணைத்தேற்றம் ஏழை எதுவரை சரிபார்த்தாய்? பெரிய குலங்களுக்கு ஒரு தடவை பார்த்துவிடேன். முப்பதாயிரம் உறுப்பு வரைக்கும். முடிந்தால் அந்தத் துணைத்தேற்றம் இல்லாமலே எழுத வழி இருக்கிறதா என்று யோசி.

இங்கே குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மரம் விழுந்து இரண்டு நாள் வண்டி இல்லை. மற்றபடி விசேஷம் இல்லை.

குகன்

பழனி
15.9.2024

தம்பி குகனுக்கு. சுகம். மாமாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கடையில் குனிந்து நிமிர்கிற வேலை, என்ன செய்வது?

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான்கு அத்தியாயத்தையும் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழு இல்லாமல் எழுது என்கிறாய். அஸ்திவாரம் இல்லாமல் வீடு கட்டு என்று எந்தக் கொத்தனாரிடமாவது சொல்லிப்பார். இன்னும் இரண்டரை மாதம்தான் இருக்கிறது.

கல்லூரிக் கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியல் இரண்டாயிரம் வரைதான். அதுவரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் சரி. அதற்கு மேல் நீயே பார்த்ததாக நோட்டில் இருக்கிறது. 'இருபதாயிரம் வரை விதிவிலக்கு இல்லை' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். அப்புறம் என்ன?

ஓரத்தில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் சந்தனத்தைச் சுரண்ட வேண்டும். அப்பா கை பட்டது வீட்டில் வேறு எது மிச்சம் இருக்கிறது? என்னால் முடியாது.

குகா, நேராகக் கேட்கிறேன். தப்பு ஏதாவது உனக்குத் தெரிந்தால் சொல்லிவிடு. இப்போது சொன்னால் எதையாவது செய்து பார்ப்பேன். சுற்றி வளைக்காதே.

அக்கா

வட்டக்கானல்
24.9.2024

அன்புள்ள அக்காவுக்கு. எல்லோரும் சுகம்தானே?

தப்பு என்று நான் சொல்லவில்லை. நாளாகிவிட்டதால் சும்மா கேட்டேன். நீ போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நான் இதையெல்லாம் விட்டுப் பத்து வருஷம் ஆகிறது, எனக்கு என்ன தெரியும்?

மாமாவுக்கு இங்கே கிடைக்கிற யூக்கலிப்டஸ் தைலம் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன்.

குகன்

பழனி
13.10.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. தைலம் வந்து சேர்ந்தது, மாமா அதைத் தலைக்கும் தேய்த்துக்கொள்கிறார். வீடே கொடைக்கானல் மாதிரி மணக்கிறது.

உன் போன கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நீ குழப்பியதில் பத்து நாள் தூக்கம் இல்லை. போகட்டும், அக்காவைச் சோதித்துப் பார்த்தாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நேற்று முன்தினம் சரஸ்வதி பூஜை. டைப் அடித்த ஐந்து அத்தியாயத்தையும் உன் நோட்டையும் ஒன்றாக வைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து அப்பா வைத்த இடத்தில் சந்தனம் வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரியா, "ஏம்மா, தீசிஸ்ல மார்க் கொறஞ்சிருமா?" என்று கேட்கிறாள்.

நவம்பர் 27 புதன்கிழமை கொடுக்கப்போகிறேன். முதல் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறேன் தெரியுமா? 'இதைத் தொடங்கிய குகனுக்கும், அவனை எண்ணி வருந்திய எங்கள் அப்பா சேனாதிபதிக்கும்.' கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு நீ கீழே வர வேண்டும். வெள்ளனே கிளம்பினால் பெருமாள்மலையில் பழனி பஸ் கிடைக்கும், பத்து மணிக்கு வந்துவிடலாம். மாமா கடையை அடைத்துவிட்டு வருகிறேன் என்கிறார். ஒரு நாள் கடையை அடைக்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

அக்கா

வட்டக்கானல்
9.11.2024

அன்புள்ள அக்காவுக்கு. நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

துணைத்தேற்றம் ஏழு தப்பு.

இந்த ஒரு வரியை ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். நீ நேராகக் கேட்டபோதாவது சொல்லியிருக்க வேண்டும். பொய் எழுதி, தைலத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

இந்த எண்களைப் பார். 1, 14, 14, 35, 35, 35, 64, 65, 65, 65, 91. ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி எல்லாவற்றையும் கூட்டு. 29120 வரும். அத்தனை உறுப்புகள் உள்ள ஒரு குலத்தின் படிகள் இவை. ஒன்றுகூட மூன்றால் வகுபடாது. ஆனால் அந்தக் குலத்தைக் கழற்ற முடியாது, அது ஒரே கல். நான் இருபதாயிரம் வரை பார்த்துவிட்டு எளிதில் காணலாம் என்று எழுதினேன். இன்னும் ஒன்பதாயிரம் தள்ளி அது உட்கார்ந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குச் சொல்லலாமே என்று கேட்பாய். ஒதுக்கினால் மிஞ்சுவது, நமக்கு முன்பே மற்றவர்கள் செய்து முடித்தது. பத்து வருஷத்துக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

2014 மார்ச் 3ஆம் தேதி சென்னையில் எங்கள் ஆய்வு நிலையத்தில் நான் இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கி, "29120?" என்று மட்டும் கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை. எனக்குத்தான் காது அடைத்துவிட்டது. அன்று மாலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இடது ஓரத்தில் எழுதினேன், '29120. எல்லாம் தப்பு. இனி இதைத் தொடமாட்டேன். ஊருக்குப் போகிறேன்' என்று, தேதியும் போட்டு. நீ அதைப் பார்த்துவிட்டாய் என்றுதான் ஜூலையில் நினைத்தேன். சந்தனத்தைப் பற்றி நீ எழுதிய பிறகுதான் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

அப்போதும் ஏன் சொல்லவில்லை என்றால், தேதி, அக்கா. அப்பாவுக்குக் கை கால் விழுந்தது மார்ச் 9. நீ போனில், "அப்பாவுக்குப் பேச்சு வரலடா, வெரசா வா" என்று அழுதாய். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. ஊருக்குப் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது, யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று கேட்டு நிம்மதிப்பட்டவன் நான். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அவர் "நாந்தான் கெடுத்தேன்" என்று சொல்லும்போதெல்லாம் குனிந்துகொண்டு சோறு ஊட்டினேன். இல்லைப்பா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. துணைத்தேற்றம் தப்பு என்று உனக்குச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

27ஆம் தேதி நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

குகன்

பழனி
2.12.2024

குகனுக்கு.

29ஆம் தேதி போய்விட்டது. நான் கொடுக்கவில்லை.

உன் எண்களை அன்று சமையலறையில் நின்றபடியே பெருக்கிக் கூட்டினேன். 29120 வந்தது. இன்னும் ஒரு தடவை கூட்டினேன். இரண்டு வாரம் முட்டி மோதிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. கைடு, "குடுத்துருங்கம்மா, பாக்கறவங்க இவ்வளவு நுணுக்கமாவா பாக்கப்போறாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தப்பென்று தெரிந்த ஒன்றில் கையெழுத்துப் போட என் கை வரவில்லை.

அது போகட்டும். என் படிப்பு, என் வேலை, அதையெல்லாம் நான் எப்படியாவது விழுங்கிக்கொள்வேன். அப்பாவை என்ன செய்யச் சொல்கிறாய்? சாவதற்கு முந்தின வாரம் நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, "எனக்கு மட்டும் அன்னிக்கு விழாம இருந்தா அவன் எங்கயோ போயிருப்பான்த்தா" என்றார். அன்று நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய். நான்கு எட்டு வைத்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்.

உன் சளியைப் பற்றி இன்றைக்குக் கேட்க எனக்கு மனசில்லை.

தேவசேனா

வட்டக்கானல்
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு.

போன் செய்தேன். இதுவரை ஒன்பது தடவை. ரிங் போகிறது, நீ எடுக்கவில்லை. டவர் இங்கே இருக்கத்தான் செய்கிறது. நீ முதலில் எழுதியது சரி.

பத்து வருஷத்துக்குப் பிறகு பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். உன் நான்கு அத்தியாயத்தில் ஒன்றையாவது நிறுத்த முடியுமா என்று பார்த்தேன். ராஜ்மோகன் அண்ணன், "என்னலே, கரண்ட் பில்லா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதினைந்து நாள் ஆகிறது. எதுவும் நிற்கவில்லை. என்னால் உனக்குச் செய்ய முடிந்தது எதுவுமே இல்லை.

திட்டியாவது எழுது.

குகன்

பழனி
19.1.2025

தம்பி குகனுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். பொங்கல் பெயருக்கு நடந்தது. பாதயாத்திரைக் கூட்டம் இப்போதே வர ஆரம்பித்துவிட்டது, மாமாவுக்கு நிற்க நேரமில்லை. கல்லூரியில் ஜூனிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு முன்னால் நீ எழுதியதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டால் கோபம் முழுசாக வரும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது நோட்டை எடுத்து, ஈரத்துணியை ஒற்றி ஒற்றிச் சந்தனத்தை ஊறவைத்துக் கரண்டிக் காம்பால் மெதுவாக எடுத்தேன். நான் வைத்தது முதலில் வந்தது. அப்புறம் அப்பா வைத்தது, அடுக்கடுக்காக.

எல்லாம் போன பிறகும் உன் எழுத்து தெரியவில்லை. அடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நம் கடை டோக்கன் சீட்டு. சோற்றுப் பருக்கையால் ஒட்டியது, பருக்கையின் தடம்கூட அப்படியே இருக்கிறது. அதையும் நனைத்து எடுத்தேன். அதற்குக் கீழேதான் நீ எழுதியது இருந்தது. 29120. எல்லாம் தப்பு. இனி இதைத் தொடமாட்டேன். ஊருக்குப் போகிறேன். 3.3.2014.

குகா, அப்பா அதைப் படித்திருக்கிறார். கணக்கு அவருக்குத் தெரியாது, ஆனால் தமிழ் தெரியும், தேதியும் தெரியும். தான் விழுவதற்கு ஆறு நாள் முன்பே நீ விட்டுவிட்டாய் என்று அவருக்குத் தெரியும். படித்துவிட்டு, யார் கண்ணிலும் படக் கூடாது என்று சீட்டை ஒட்டி, அதன்மேல் சந்தனத்தை வைத்து, அது சாமி காரியம் என்று ஆக்கிவிட்டு, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவருக்குக் கை நடுங்கவில்லை. சரியாக அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறார். நான் ஒரு மடச்சி, நடுவில் வைங்கப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் ஆறு வருஷம் நானே மேலும் மேலும் பூசி மூடியிருக்கிறேன்.

அவர் உன்னைக் காப்பாற்ற ஒட்டிய சீட்டு என் ஐந்து வருஷத்தைத் தின்றுவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் மேல் படலாம் என்றால் அவர் குறுக்கே வருகிறார். அவர் மேல் படவும் முடியவில்லை. சீட்டைத் திரும்ப ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

தூதுவளைப் பொடி தீர்ந்திருக்கும். அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அக்கா

வட்டக்கானல்
30.1.2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். பிரியாவை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதத்தை டீக்கடைப் பெஞ்சில் வைத்துப் படித்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு நான் கேட்காத டீயை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் ஒரு மத்தியானம் ஞாபகம் வருகிறது. என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, இடது கையால் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே இல்லை. "என்னப்பா பாக்குறீங்க?" என்றேன். "ஒன் எழுத்து முத்து முத்தா இருக்குடா" என்றார், குழறிக் குழறி. அப்புறம் சோறு ஊட்டினேன். கடைசிக் கவளத்தை வாயில் வாங்காமல் கையில் கேட்டார். எதற்கு என்றேன். காக்காய்க்கு என்றார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் நானும் அவரும் மூன்று வேளையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். "நாந்தான்டா ஒன் படிப்பக் கெடுத்தேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் தட்டைப் பார்ப்பேன். இல்லைப்பா என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னாரா, நான் சொல்லவே வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னாரா? நேற்றிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டிய ஆள் இல்லை.

தைப்பூசத்துக்குக் கடையில் மாமாவுக்கு ஆள் பற்றாது. நான் வந்து டோக்கன் கொடுக்கட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை. போனில் சொன்னாலும் சரி, எடுப்பேன்.

சளி தேவலை.

உன் தம்பி,
குகன்